ஒப்புக்கொண்டவருக்கு மட்டும் குறிப்பாணை

எங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் மேடையில் இருந்த மற்ற அலுவலர்களுக்கும்,

கடந்த ஜூன் மாதம் நீங்கள் நடத்திய பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பின்வரிசை, மின்விசிறி ஓடாத மூலை. கணிதத்தில் தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் பட்டியல் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. பெயரை வாசிக்க வாசிக்க ஆசிரியர்கள் எழுந்து நின்றார்கள். மைக் கை மாறிக்கொண்டே போனது. "பசங்க ஒழுங்கா வர்றதில்லைங்க ஐயா." "அப்பா அம்மா ரெண்டு பேரும் திருப்பூர்ல வேலை, பாட்டிதான் பாத்துக்குது." "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ், வாய்ப்பாடே தெரியாம வர்றாங்க." சிலருக்குத் தலையசைத்தீர்கள், சிலரைக் கடிந்துகொண்டீர்கள். அடுத்த ஆண்டு நூறு சதவீதம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு எல்லோரையும் உட்காரச் சொன்னீர்கள்.

ஏழாவதோ எட்டாவதோ எழுந்தவர், பணியில் சேர்ந்து மூன்று ஆண்டு ஆன ஒரு டீச்சர். அவர் பள்ளியில் 41 பேர் எழுதி 29 பேர் தேர்ச்சி. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இது என் தப்புங்க ஐயா. சமன்பாட்டுல 'அந்தப் பக்கம் போனா குறி மாறும்'னு சொல்லிக் கொடுத்தேன். பசங்க எல்லாத்துக்கும் குறியை மாத்திட்டாங்க. ரெண்டாவது திருப்புதல் தேர்வுத் தாளைப் பிரிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சது, 23 பேர் ஒரே மாதிரி தப்பு. அதுக்குள்ள நாள் போயிடுச்சு. இந்த வருஷம் முதல் வாரமே தராசு வெச்சு ஆரம்பிச்சிருக்கேன்."

அரங்கம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. மேடையிலிருந்து "அப்போ நீங்களே ஒத்துக்கறீங்க?" என்று ஒரு குரல். "ஆமாங்க ஐயா" என்றார். "மினிட்ஸ்ல ஏத்திக்குங்க" என்றது அதே குரல்.

பன்னிரண்டாம் நாள் குறிப்பாணை வந்தது. கற்பித்தலில் குறைபாடு இருந்ததைத் தாங்களே ஒப்புக்கொண்டமையால் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை மேற்கொள்ளக் கூடாது, மூன்று தினங்களுக்குள் விளக்கம் தேவை என்று அதில் இருந்தது. அன்று எழுந்து நின்றவர்கள் பத்தொன்பது பேர். அவரைவிடக் குறைந்த தேர்ச்சி காட்டியவர்கள் அதில் நான்கு பேர். குறிப்பாணை போனது அவர் ஒருவருக்கு. பிள்ளைகள் மேல் பழி போட்ட பதினெட்டுப் பேருக்கும் ஒன்றுமில்லை.

இதை என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் சொன்ன தவறு என்னவென்று மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். 'எக்ஸ் கூட்டல் 5 சமம் 12' என்று ஒரு சமன்பாடு. 5ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் கழித்தல் 5, எனவே எக்ஸ் 7. சரியான விடைதான், பிள்ளைகளும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் 'மைனஸ் 3 எக்ஸ் சமம் 12' வருகிறது. பையன் மைனஸ் 3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோகிறான். போனால் குறி மாற வேண்டுமல்லவா? மாற்றுகிறான். 12ஐ பிளஸ் 3ஆல் வகுத்து, எக்ஸ் 4 என்று எழுதுகிறான். விடை மைனஸ் 4. அவன் கவனக்குறைவாக இல்லை. நம் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறான். எதுவும் எங்கேயும் போவதில்லை, தராசு சாயாமல் இருக்க இரண்டு தட்டிலும் ஒரே காரியத்தைச் செய்கிறோம் என்பதை நாம்தான் அவனுக்குச் சொல்லவில்லை.

அந்த அரங்கில் இருந்த கணக்கு வாத்தியார்களில் 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று சொல்லாதவர் ஒருவராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம். நானும் பல ஆண்டாகச் சொல்கிறேன். என் வகுப்பிலும் அந்த 4 எத்தனையோ முறை வந்திருக்கும். சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'கவனம்' என்று எழுதியிருப்பேன். கவனமாக இருந்திருக்க வேண்டியது யார் என்ற கேள்வியே எனக்கு வந்ததில்லை. இவர் 41 தாளையும் தரையில் பரப்பி, தவறுகளை வகைவகையாகப் பிரித்து, அதன் வேர் தன் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் என்று கண்டுபிடித்திருக்கிறார். "அந்த நோட்டோட இங்க வாங்கம்மா, போர்டுல போட்டுக் காட்டுங்க" என்று மேடையிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால், அன்று மாலைக்குள் மாவட்டத்தின் கணக்கு ஆசிரியர்கள் அத்தனை பேரும் தங்கள் வகுப்பில் ஒரு வாக்கியத்தை மாற்றியிருப்பார்கள். செலவு ஒரு சாக்பீஸ்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். அந்தக் குறிப்பாணைக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவன் நான்.

அவரும் அவர் கணவரும் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். அவரே ஒரு பதில் எழுதி வைத்திருந்தார். நான்கு பக்கம். எந்தெந்தக் கணக்கில் எத்தனை பேர் எப்படித் தவறினார்கள், எதனால், இந்த ஆண்டு எதை மாற்றியிருக்கிறார், ஜூலை முதல் வாரத் தேர்வில் என்ன தெரிந்தது என்று எல்லாம் இருந்தது. படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தேன். "இதை அனுப்பினா அடுத்தது 17(ஆ) வரும்மா. அது நிலுவையில இருந்தா பேனல்ல பேர் வராது. ஒத்துக்கிட்ட மாதிரி ஒரு வார்த்தைகூட இருக்கக் கூடாது" என்றேன். 17(ஆ) என்பது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, பேனல் என்பது பதவி உயர்வுப் பட்டியல். பிறகு நானே எழுதினேன். மாணவர் வருகைக் குறைவு. பெற்றோரின் ஒத்துழைப்பின்மை. கீழ் வகுப்புகளில் அடிப்படைத் திறன் பெறாமை. கூட்டத்தில் பதற்றத்தில் பொருத்தமற்றுப் பேசிவிட்டேன், இனி இவ்வாறு நிகழாது. அரைப் பக்கம்தான். இப்படிப்பட்ட அரைப் பக்கங்களை எழுதுவதில் எனக்கு நல்ல கை. ஊரில் பலருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அலுவலகம் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரித்துக் கோப்பை முடித்தது. மெய் சொன்ன அன்று ஒழுங்கு நடவடிக்கை என்றீர்கள், பொய் சொன்ன அன்று விட்டுவிட்டீர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற ஆசிரியர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கிளம்பும்போது அந்த டீச்சர் வாசலில் நின்று, "அப்போ இந்த நோட்டை என்ன சார் பண்றது?" என்று கேட்டார். "வீட்லயே இருக்கட்டும்மா, ஸ்கூலுக்கு எடுத்துட்டு வராதே" என்றேன். நான் எந்த மாணவருக்கும் இவ்வளவு மோசமான பாடம் நடத்தியதில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தவறுகளின் எண்ணிக்கைதான். 1997இல் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு. 'தொள்ளாயிரத்து ஐந்து' என்று சொல்வேன், ஒரு பெண் 9005 என்று எழுதுவாள். திருத்துவேன். மறுநாளும் 9005. மர ஸ்கேலைக் குறுக்காகப் பிடித்து விரல் முட்டியில் அடித்தேன், ஒரு நாள் அல்ல, பல நாள். எட்டு ஆண்டு கழித்து வேறொரு ஊரில் வேறொரு பையன் அதையே எழுதியபோதுதான் என் காதில் உறைத்தது. அறுநூறு, எழுநூறு, எண்ணூறு என்று நூறு நூறாக வந்துகொண்டிருந்த பேச்சு, ஒன்பதுக்கு வந்ததும் 'ஆயிரம்' என்கிறது. தொண்ணூறிலும் அப்படித்தான், பத்துகளின் வரிசையில் திடீரென்று நூறு ஒலிக்கிறது. பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவன் நான், என் மொழியில் ஒன்பதின் வரிசை இப்படி ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருப்பதை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. அந்தப் பெண் கவனித்திருக்கிறாள். காதில் விழுந்ததை எழுதியிருக்கிறாள், அதற்கு அடி வாங்கியிருக்கிறாள்.

அந்த எட்டு ஆண்டிலும் என் வகுப்புக்கு ஆண்டாய்வு நடந்தது. பாடக்குறிப்பு பார்த்தார்கள், வருகைப் பதிவேடு பார்த்தார்கள், கட்டுரை நோட்டில் தேதி போட்டுத் திருத்தியிருக்கிறேனா என்று பார்த்தார்கள். 'திருப்தி' என்று எழுதிப் போனார்கள். "எந்த இடத்துல பிள்ளைங்க திரும்பத் திரும்பத் தடுக்கி விழறாங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தால், ஒருவேளை இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்திருக்கும்.

தொடக்கக் கல்வித் துறையிலிருந்து அலகு மாற்றத்தில் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு தசமம். 0.12 பெரிதா, 0.9 பெரிதா? ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் 0.12 என்பார்கள். தசமம் கடினமான பாடம், அப்படித்தான் இருக்கும் என்று பல ஆண்டு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு பையன்தான் எழுந்து, "சார், நீங்கதான பூஜ்ஜியம் புள்ளி பன்னண்டுன்னு படிச்சீங்க, பன்னண்டு ஒம்போதை விடப் பெருசுதான?" என்றான். அன்று முதல் 'பூஜ்ஜியம் புள்ளி ஒன்று இரண்டு' என்றுதான் வாசிக்கிறேன். மாறியது என் வாய், தெளிந்தது அவர்கள் கணக்கு. ஆனால் இதை நான் எந்தப் பயிற்சியிலும், எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இன்னும் 'புள்ளி பன்னிரண்டு' என்றுதான் வாசிக்கிறார், சுவர் வழியாகக் கேட்கிறது. அவரிடம் போய்ச் சொன்னால் நான் இத்தனை ஆண்டு தப்பாக நடத்தினேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூச்சம் பாதி, பயம் பாதி.

மூன்றாவது தவறுக்கு எனக்குச் சான்றிதழே கொடுத்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக 16. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. தேர்ச்சிக்குத் தேவை 35. மீதியை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் போட்டு, ஜனவரியிலிருந்து அவர்களைத் தனியாக உட்காரவைத்து, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதையும் நேர்மாறல் வரைபடத்தையும் நூறு முறை போட வைப்போம். எதற்கு வரைகிறோம் என்பது தேவையில்லை. கணிதப் புத்தகத்தின் மற்ற பாடங்களைத் திறக்கவே வேண்டாம். இதற்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று பெயர். பெயர் வைத்தது பிள்ளைகளுக்கு என்று நினைக்கிறோம், அது எங்களுக்கும் பொருந்தும். 2023இல் மாநிலத் தேர்ச்சி 91.39 சதவீதம், எங்கள் பள்ளியில் கணிதத்தில் நூறு. விழாவில் பொன்னாடை போர்த்தினீர்கள்.

அந்த நூறில் 36 மதிப்பெண் எடுத்த ஒரு பையன் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். நான்கு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்து என் மேசை அருகே நின்றான். வெர்னியர் காலிப்பரில் அளவு எடுக்கத் தெரியவில்லை, ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் பாடத்தில் தசமமும் விகிதமும் வரும்போது ஒன்றும் புரியவில்லை என்றான். "சார், தொடுகோடு இன்னும் கண்ணை மூடிட்டு வரைவேன். ஏன் வரைஞ்சோம்னுதான் தெரியல." கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அதுதான் தாங்கவில்லை. அவனைத் தேர்ச்சி பெற வைத்தேன், கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் பள்ளியில் இருந்த கடைசி ஆண்டை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். இந்தத் தவறை ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து சொன்னால் உங்கள் திரையில் அது எந்த நிறத்தில் வரும்? பச்சையில்தான் வந்தது.

இன்னொன்று. பொதுத்தேர்வு விடைத்தாள் எங்களுக்குத் திரும்பி வருவதில்லை. மதிப்பெண் மட்டும் வருகிறது. 28 என்று ஓர் எண் வந்தால் அந்தப் பிள்ளை எதில் விழுந்தது, ஏன் விழுந்தது என்று எங்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் 'ஏன்' என்று எங்களைத்தான் நிறுத்திக் கேட்கிறீர்கள். தாளைப் பார்க்காமல் காரணம் சொல்லச் சொன்னால் பாட்டியையும் திருப்பூரையும்தான் சொல்வோம்.

என் தங்கை கிராம சுகாதார செவிலியர். பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் அவர்கள் துறையில் என்ன நடக்கும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறார்கள். வலி எப்போது எடுத்தது, போகலாம் என்று யார் எப்போது முடிவு செய்தார்கள், வண்டி எப்போது வந்தது, எந்த மருத்துவமனையிலிருந்து எங்கே அனுப்பினார்கள், அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். முடிவெடுத்ததில் தாமதமா, வந்து சேர்ந்ததில் தாமதமா, சிகிச்சை கிடைத்ததில் தாமதமா என்று பிரித்துப் பார்க்கிறார்கள். தமிழ்நாடு 1990களிலேயே இந்த ஆய்வைத் தொடங்கிவிட்டது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய்மார் மரணம் 2004–06இல் 111 ஆக இருந்தது, 2018–20இல் 54. இது ஆய்வால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். 108 ஆம்புலன்ஸ், இரத்த வங்கி, இருபத்துநான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் என்று பல கைகள் இதில் இருக்கின்றன. ஆனால் எந்தக் கை எங்கே தேவை என்று காட்டியதில் அந்த வீட்டுத் திண்ணைக் கேள்விகளுக்கும் பங்குண்டு. அந்தக் கூட்டங்களும் சில சமயம் பழி தேடும் கூட்டமாகிவிடும் என்று தங்கை அலுத்துக்கொள்வாள். அப்போது அங்கும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்களாம்.

விமானத் துறையிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. 1974 டிசம்பரில் அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கம் ஒரு பயணிகள் விமானம் தரையிறங்க வரும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: ஆறு வாரத்துக்கு முன்னால் இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால், மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்திருக்கிறது. மற்றவர்களுக்குச் செய்தி போகவில்லை. அதன் பிறகுதான், 1976இல், விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே எழுதி அனுப்பும் ஏற்பாடு வந்தது. தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்பு அதை வாங்குவதில்லை, நாசா வாங்குகிறது. பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை எல்லோருக்கும் அனுப்புகிறது. வேண்டுமென்றே செய்ததும் குற்றச் செயலும் விபத்தும் அந்தப் பாதுகாப்பில் வராது. ஆசிரியரின் தவறில் யாரும் மலையில் மோதுவதில்லை. பையன் கணக்கு வராதவன் என்று முடிவு கட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்துவிடுகிறான், யாரும் விசாரணைக் குழு போடுவதில்லை.

'அப்படியானால் யார் என்ன செய்தாலும் விட்டுவிட வேண்டுமா' என்று கேட்பீர்கள். இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தப் பெண்ணின் விரலில் நான் அடித்தது தவறான கற்பித்தல் முறை அல்ல, அடி. அதற்கு எனக்கு எந்தப் பாதுகாப்பும் வேண்டாம். சாதியைச் சொல்லிப் பேசுகிறவர், பிள்ளையிடம் தகாத முறையில் நடப்பவர், வராமலே கையெழுத்துப் போடுபவர், மதிப்பெண்ணைத் திருத்துபவர், இவர்கள் மேல் எந்தப் பிரிவு வேண்டுமானாலும் பாயட்டும். நான் கேட்பது 9005 எழுதிய காதைப் பற்றியும், அந்தப் பக்கம் போன மைனஸ் 3ஐப் பற்றியும். பாடம் நடத்துகிற எவருக்கும் இப்படிப்பட்ட தவறு நேரும். நேரவே நேராது என்பவர் விடைத்தாளைப் பார்க்காதவர்.

எங்கள் சங்கங்களையும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அகவிலைப்படிக்கும் இடமாறுதலுக்கும் கொடி பிடித்தோம், சரிதான். தான் நடத்தியது தவறு என்று சொல்லும் உரிமைக்காக ஒருநாளும் ஒரு தீர்மானம் போட்டதில்லை.

மேலே இருப்பவர்களும் எங்களுக்கு முன்மாதிரி காட்டவில்லை. செயல்வழிக் கற்றல் என்ற தொடக்கப் பள்ளித் திட்டம் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை எல்லாம் வந்தன. 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற புதிய திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வந்தன. பழையதில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை, புதியதில் அதிலிருந்து எதைத் திருத்தினோம் என்று ஒரு பக்கமாவது எங்கள் பள்ளிகளுக்கு வந்ததா? பழைய அட்டைப் பெட்டிகள் மட்டும் பள்ளிகளின் இருப்பறையில் கறையான் அரித்துக் கிடக்கின்றன. இருப்புப் பதிவேட்டில் இன்னும் இருப்பதால் தூக்கிப் போடவும் முடியாது.

குறிப்பாணைக்குப் பிறகு நடந்த குறுவள மையக் கூட்டத்துக்கு, அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களின் மாதாந்தரப் பயிற்சிக் கூட்டத்துக்குப் போனேன். பயிற்சி தரும் கருத்தாளர் திரையில் படங்கள் காட்டினார். கடைசியில் "வகுப்புல ஏதாவது சிரமம் இருந்தா சொல்லுங்க" என்றார். நாற்பது பேர் இருந்தோம். ஒருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. அந்த டீச்சர் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து, பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் தளத்தில் ஏதோ பதிவேற்றிக்கொண்டிருந்தார். கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினோம்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவதாக, அந்த டீச்சரின் கோப்பில் இருக்கும் எச்சரிக்கையை ரத்து செய்து, எழுத்து மூலம் அவருக்குத் தெரிவியுங்கள். அங்கே இருக்கும் விளக்கம் என்னுடையது, பொய்யானது. அதை எடுத்துவிட்டு அவர் எழுதிய நான்கு பக்கத்தை வையுங்கள். அது இன்னும் அவரிடம் இருக்கிறது, கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடுத்து, ஒரு சுற்றறிக்கை வேண்டும். ஆய்வுக் கூட்டத்திலோ குறுவள மையக் கூட்டத்திலோ ஓர் ஆசிரியர் தன் கற்பித்தலைப் பற்றித் தானே சொல்வது எதுவும் 17(அ), 17(ஆ) என்ற சிறிய, பெரிய தண்டனை நடவடிக்கைகளுக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட மாட்டாது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இழைத்த தீங்கு இதில் சேராது என்பதையும் அதே சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள், யாரும் அதற்குப் பின்னால் ஒளியக் கூடாது. வாயால் சொன்ன உறுதிமொழியை நம்பும் வயதை நாங்கள் தாண்டிவிட்டோம்.

ஆய்வுக் கூட்டத்தில் யாரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள். 'ஏன் குறைந்தது' என்ற கேள்விக்குப் பதிலாக, 'எந்தத் தவறு அதிகம் வந்தது, எத்தனை தாளில் பார்த்தீர்கள், அது எங்கிருந்து வந்திருக்கும்' என்று கேளுங்கள். நூறு சதவீதம் காட்டியவர்களிடமும் இதையே கேளுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் 2023இல் மாட்டியிருப்பேன்.

மாதாந்தரக் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். எங்கள் பணிப்பதிவேட்டில் கை வைக்கும் அதிகாரமுள்ள யாரும் அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் ஒருவர் நடத்தட்டும், பெயரின்றிக் குறிப்பெடுக்கட்டும், அந்தக் குறிப்பு மற்ற மையங்களுக்கும் போகட்டும். தொடக்கி வைப்பவர் கருத்தாளராகவே இருக்கட்டும். தான் வகுப்பெடுத்த காலத்தில் செய்த தவறு ஒன்றை அவர் முதலில் சொன்னால், மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

விடைத்தாள் விஷயம் உங்கள் கையில் இல்லை, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் கையில் இருக்கிறது. ஆனால் பரிந்துரைக்கலாம். பாடத்துக்கு இருபது தாள், மாணவர் பெயரும் எண்ணும் பள்ளியும் மறைத்து, ஜூலைக்குள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வந்தால் போதும். எங்கே சறுக்கினோம் என்று நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம்.

இந்த மடலில் என் பெயர் இல்லாததற்குக் காரணம், என் பெயரைப் போட்டால் அந்த டீச்சர் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். உங்கள் அலுவலகத்துக்குக் கையெழுத்திட்ட பிரதி பதிவு அஞ்சலில் வருகிறது. அடுத்த மாதக் குறுவள மையக் கூட்டத்தில் தொள்ளாயிரத்தையும், புள்ளி பன்னிரண்டையும், 36 மதிப்பெண்ணையும் எழுந்து நின்று என் பெயரிலேயே சொல்லப் போகிறேன். பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. 17(ஆ) நிலுவையில் இருந்தால் ஓய்வூதியப் பலன்கள் என்னாகும் என்று எனக்குத் தெரியும். குறிப்பாணை அனுப்புவதானால் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். விளக்கத்தை இந்த முறை அரைப் பக்கத்தில் முடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி.